நோயுற்ற நாட்களில் வாழ்வின் நோக்கமும் மகிழ்ச்சியும்

மருத்துவமனைக்கு வந்து சேரும் ஒருவர் முதலில் கேட்கும் கேள்விகள் உடலைப் பற்றியவை. என்ன நோய், எத்தனை நாள் தங்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எப்போது வேலைக்குத் திரும்பலாம்? இவற்றுக்கு மருத்துவரும் செவிலியரும் ஏதேனும் ஒரு விடை தந்துவிடுகிறார்கள். இரண்டாவது வாரத்திலோ மூன்றாவது வாரத்திலோ, பெரும்பாலும் வார்டில் விளக்கணைந்த பிறகு, வேறொரு கேள்வி எழுகிறது. வீரபாண்டிப் பகுதி மக்கள் அதைத் தங்கள் பேச்சில் இவ்வாறு கேட்பார்கள்: "இனி நான் எதுக்குங்க?"

இக்கேள்வி எல்லா ஊரிலும் எழுவதுதான். எனினும் பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியில் அதற்குக் கூர்மை அதிகம். ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்குத் தாம் ஒரு நாளில் எத்தனை பீஸ் முடித்தோம் என்பது தெரியும். வாரக் கடைசியில் அந்த எண்ணிக்கையே கூலியாகக் கையில் வரும். இவ்வாறு இருபது ஆண்டுகள் எண்ணிப் பழகிய மனம், எண்ணுவதற்கு ஒன்றுமில்லாத நாட்களில் தன்னையே ஒரு கழிவுத் துண்டாகக் கருதத் தொடங்குகிறது. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தவர், எந்திரத்தில் விரலை இழந்தவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வந்து செல்பவர் ஆகியோரின் துயரில் வலியைக் காட்டிலும் இந்த எண்ணமே பெரும்பங்கு வகிப்பதைக் காண்கிறோம். நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கும் இது உண்டு. வேலையை விட்டுவிட்டுக் கட்டிலருகே அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோ, தம் வாழ்வும் நின்றுவிட்டதாக உணர்வது இயல்பே.

கிறிஸ்தவ நம்பிக்கை இக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். வேறு சமயத்தைச் சார்ந்தவர்களும் எச்சமயமும் சாராதவர்களும் இதனை ஓர் அண்டை வீட்டாரின் அனுபவமாக வாசிக்கலாம். அற்புதமாக நோய் நீங்கியவர்களின் சாட்சிகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் இங்கே நாம் நினைவுகூரப் போகிறவர்கள் உடல்நலம் திரும்பப் பெறாதவர்கள். அவர்களது அனுபவமே நம்மில் பலருக்கு நெருக்கமானது என்பதால் அவர்களைத் தேர்ந்துகொண்டோம்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பெண்கள் நல மருத்துவத்தில் மேற்படிப்புப் பெற விரும்பியிருந்தார். 1954ஆம் ஆண்டு தொடக்கத்தில், உடன் பணிபுரிந்தவர்களோடு சென்றுகொண்டிருந்த வாகனம் விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் கடும் காயம். முதுகுத்தண்டு வடம் சேதமுற்று இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

தண்டுவடத்தின் நரம்பிழைகள் முற்றிலும் அறுபட்டால் அவை மீண்டும் இணைவதில்லை. மருத்துவரான அவருக்கு இதனை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறுவை சிகிச்சைகளும் நீண்ட மாதங்களின் படுக்கையும் தொடர்ந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் மருத்துவரை அன்றைய இந்தியாவில் எவரும் கண்டதில்லை என்றே சொல்லலாம். அவருக்கு முன்மாதிரி என்று ஒருவரும் இல்லை.

அவரது சிகிச்சையில் பங்கேற்றவர் டாக்டர் பால் பிராண்ட். இவர் நமக்கு அயலார் அல்லர். 1914ஆம் ஆண்டு நம் கொங்கு நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் வளர்த்தெடுத்தவர். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. நரம்பு செயலிழந்தால் அதன் கட்டளைக்குக் காத்திருக்கும் தசைகளும் செயலிழக்கின்றன. விரல்கள் பறவையின் நகம்போல் உள்நோக்கி வளைந்துவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ள மற்றொரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசை செய்துவந்த வேலையைச் செய்யும் இடத்தில் பொருத்துவதே அந்த அறுவை சிகிச்சை. அதன்பின் நோயாளி பல வாரங்கள் பயிற்சி செய்ய வேண்டும். இதுவரை ஒரு வேலை செய்துவந்த தசைக்குப் புதிய வேலையை மூளை கற்றுக்கொடுத்தாக வேண்டும் அல்லவா?

கையில் செய்யும் இவ்வறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்ய முடியும். இதனை மேரி வர்கீஸிடம் எடுத்துச் சொன்னவர் பிராண்ட். அவருடைய கால்கள் செயலிழந்திருந்தன. கைகள் நன்றாகவே இருந்தன. தயக்கத்தோடு தொடங்கிய மேரி, சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் தேர்ந்த அறுவை மருத்துவரானார். ஊரும் உறவும் ஒதுக்கிய நோயாளர்கள், தம்மைவிடக் குறைவாகவே நடமாடக்கூடிய ஒருவரிடம் தம் கைகளை நீட்டிச் சிகிச்சை பெற்றார்கள். அந்த அறையில் பேசப்படாமலே எவ்வளவோ பேசப்பட்டிருக்கும்.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் அத்துறையைப் பயின்று வேலூர் திரும்பினார். 1963ஆம் ஆண்டு அங்கே உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில், தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும் அங்கே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், சிறுநீர்ப்பையைப் பேணவும், ஒரு தொழிலைக் கற்கவும் பழகினார்கள். 1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் காலமானார். இறுதிவரை அவர் நடக்கவில்லை.

தமக்கு நேர்ந்ததைக் கடவுளின் கையில் ஒப்படைத்து, எஞ்சியதை அவருக்குப் பயன்படுமாறு கேட்டதே தம் வாழ்வின் திருப்பம் என்று மேரி வர்கீஸ் நம்பினார். நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒப்படைப்பின் தன்மையை. விபத்து நல்லது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இழந்ததை இழப்பு என்றே ஏற்றுக்கொண்டு, எஞ்சியிருப்பது எது என்று கணக்கெடுத்தார். அக்கணக்கு ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் பிடித்தது.

"அவர் படித்தவர், நான் தையல்காரன்"

இந்த வரலாற்றைக் கேட்கும் நோயாளர் சிலர் நியாயமான ஒரு மறுப்பை முன்வைக்கக்கூடும். மேரி வர்கீஸுக்குக் கல்வி இருந்தது, பெரிய மருத்துவமனை துணை நின்றது, வெளிநாடு செல்ல வழி இருந்தது. வாடகை வீட்டில் வாழும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? இந்த வேறுபாடு உண்மையானது. அதனை மழுப்புவது நேர்மையாகாது. நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கூலியை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளருக்கு, உரிய காலத்துக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோய்க்காலத்தில் சராசரி நாள் கூலியில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். பணியின்போது நேர்ந்த காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாதிருந்தால் 90 விழுக்காடு கிடைக்கும். நிலையான குறைபாடு ஏற்பட்டவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இவற்றைக் கேட்டுப் பெறுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது, உரிமை.

இனி, அந்த மறுப்புக்கு வருவோம். கிறிஸ்தவப் போதனையின்படி ஒரு மனிதரின் மதிப்பு அவர் செய்யும் வேலையிலிருந்து வருவதில்லை. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று திருமறையின் முதல் அதிகாரமே கூறுகிறது. அங்கே அவர் இன்னும் ஒரு வேலையும் செய்திருக்கவில்லை. எனவே நோக்கம் என்பது பெரிய சாதனையாக இருக்க வேண்டியதில்லை. அன்பு செலுத்துவதும் அன்பைப் பெற்றுக்கொள்வதுமே அதன் அடிப்படை. பெற்றுக்கொள்வது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உழைத்தே பழகியவர்களுக்குக் கொடுப்பதைக் காட்டிலும் பெற்றுக்கொள்வது கடினம். பிறர் தம் காலைக் கழுவிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தந்தையரை வார்டில் பார்க்கிறோம். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவ முற்பட்டபோது பேதுருவும் முதலில் மறுத்தார் என்று யோவான் எழுதுகிறார்.

படுக்கையிலிருப்பவர் செய்யக்கூடிய பணிகளும் உண்டு. பிறருக்காக மன்றாடுவதைக் கிறிஸ்தவ மரபு ஒரு பணியாகவே கருதி வந்திருக்கிறது. அடுத்த கட்டிலில் இருப்பவர், கம்பெனியில் உடன் வேலை செய்தவர்கள், இரவுப் பணிச் செவிலியர் என ஒவ்வொரு நாளும் மூன்று பேரை நினைத்து மன்றாடுவதற்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தரலாம். வீட்டுக் கணக்கைப் பார்க்கலாம். புதிதாகத் தையல் பழகும் மகளுக்கு, துணியை எப்படிப் பிடித்தால் தையல் கோணாது என்று சொல்லித் தரலாம். குடும்பத்தார் ஒன்றைச் செய்ய வேண்டும்: வீட்டு முடிவுகளை நோயாளியிடம் கேட்டுச் செய்ய வேண்டும். அவரை மறைத்து வைத்துவிட்டு மகிழ்ச்சியாக இருக்கச் சொல்வதில் பயனில்லை.

டோனாவூர் அம்மா

நெல்லைச் சீமையில் களக்காட்டை அடுத்த டோனாவூரில், ஆபத்திலிருந்த சிறுமியருக்கும் குழந்தைகளுக்கும் இல்லம் அமைத்தவர் ஏமி கார்மைக்கேல். 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, தாய்நாட்டுக்குத் திரும்பாமலே இங்கு வாழ்ந்து மடிந்தவர். 1931ஆம் ஆண்டு அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றபோது மாலை இருளில் குழியொன்றில் விழுந்தார். கால் முறிந்தது, முதுகிலும் அடி. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் 1951 ஜனவரியில் மறையும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். அந்த அறையிலிருந்தே பல நூல்களை எழுதினார், இல்லத்தாருக்குக் கடிதங்கள் எழுதினார், பிள்ளைகளைச் சந்தித்தார்.

1933இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்று நோயாளர்களுக்காகவே எழுதப்பட்டது. நலமாக இருப்பவர்கள் நோயாளர்களுக்கென எழுதும் ஆறுதல் கட்டுரைகள் தம்மைத் தொடவில்லை என்பதே அதனை எழுத அவரைத் தூண்டிய காரணம். நோயாளர் ஒருவர் நோயாளர்க்கு எழுதும் கடிதங்களாக அந்நூல் அமைந்தது. இந்தச் செய்திமடலில் இத்தகைய கட்டுரையை எழுதுவோருக்கும் அது ஓர் எச்சரிக்கைதான் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பார்க்க வரும் உறவினரும் சபையாரும் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். "கடவுள் ஒரு காரணத்துக்காகத்தான் தந்திருப்பார்", "உங்கள் விசுவாசம் குறைவு", "வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது" போன்ற சொற்கள் வலியில் இருப்பவருக்கு மேலும் ஒரு காயம். நோய் பாவத்தின் தண்டனை என்ற எண்ணம் நம் நாட்டில் எல்லாச் சமயத்தாரிடமும் வேரூன்றியுள்ளது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் பாவம் செய்தாரா, இவருடைய பெற்றோர் செய்தார்களா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்லர் என்று இயேசு மறுத்தார். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாட்கள் அவருடன் தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்தான் கெட்டது.

மகிழ்ச்சி என்பது எது?

கிறிஸ்தவர்கள் எப்போதும் சிரித்த முகத்துடன் இருக்க வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. திருமறை அவ்வாறு கற்பிக்கவில்லை. லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார். சங்கீதங்களில் பெருந்தொகையானவை புலம்பல்கள். எண்பத்தெட்டாம் சங்கீதம் தொடக்கம் முதல் இறுதிவரை இருளிலேயே நடந்து இருளிலேயே முடிகிறது. அதனை நீக்கிவிடாமல் வழிபாட்டு நூலில் வைத்திருக்கிறார்கள். அழுவதும் முறையிடுவதும் வழிபாட்டின் பகுதியே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய மடல் நான்கே அதிகாரங்கள் கொண்டது. மகிழ்ச்சி என்னும் சொல் அதில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவர் அதனைச் சிறையிலிருந்து எழுதினார். விடுதலையா மரணமா என்பது அவருக்குத் தெரியாது. இதே பவுல் தம் உடலில் ஒரு முள் இருந்தது என்றும், அது நீங்க மூன்று முறை மன்றாடியும் நீங்கவில்லை என்றும் வேறொரு மடலில் எழுதுகிறார். அது என்ன நோய் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முள் இருந்துகொண்டே இருக்க, மகிழ்ச்சியும் இருந்தது. ஆக, அம்மகிழ்ச்சி உடல்நலத்தின் விளைவு அன்று. தாம் கைவிடப்படவில்லை என்ற உறுதியிலிருந்து வருவது; நன்றி சொல்லும் பழக்கத்தால் வளர்வது; பிறரோடு பகிரும்போது உணரப்படுவது. சில நாட்களில் அது துளியும் உணரப்படாமலும் போகலாம். அந்நாட்களில் பிறர் நமக்காக நம்பிக்கையைச் சுமக்கிறார்கள். முடக்குவாதக்காரரை நான்கு பேர் தூக்கிவந்து, கூரையைத் திறந்து இறக்கினார்கள் என்று மாற்கு எழுதும் நிகழ்வில், அந்த நோயாளர் ஒரு சொல்லும் பேசவில்லை.

இங்கே மருத்துவம் சார்ந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை அல்லது மிகுந்த உறக்கம், பசியின்மை, தாம் பயனற்றவர் என்ற ஓயாத எண்ணம், சாக வேண்டும் என்ற நினைவு ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பக்கவாதத்துக்குப் பின்னும் நீண்ட சிறுநீரக நோயிலும் இது பலருக்கு ஏற்படுகிறது. இது விசுவாசக் குறைவும் அன்று, பலவீனமும் அன்று. சிகிச்சையால் குணமாகக்கூடியது. மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

மன்றாட்டு மருந்துக்கு மாற்று அன்று. காசநோயாளர் சற்று நலம் தெரிந்ததும் குணமாகிவிட்டேன் என்று மாத்திரையை நிறுத்தினால், மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழ்ந்துவிடும். உபவாச மன்றாட்டில் பங்குபெற விரும்பும் சர்க்கரை நோயாளர் உணவைத் தவிர்க்காமல், தொலைக்காட்சியையோ கைபேசியையோ தவிர்க்கலாம். ஆயர்கள் பலரும் இதனையே அறிவுறுத்துகிறார்கள்.

கவனித்துக்கொள்பவர்களுக்கு

நடக்க இயலாத நோயாளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பவர், படுக்கைப் புண் வராமல் ஓர் உயிரைக் காக்கிறார். இதனை யாரும் விருது தந்து பாராட்டுவதில்லை. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுபவருக்கு எரிச்சல் வருவதும், இது எப்போது முடியும் என்று நினைப்பதும், நினைத்ததற்காகப் பின்னர் வருந்துவதும் உண்டு. அந்த எண்ணம் வந்ததற்காகத் தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். இயேசுவும் கூட்டத்தை விட்டுத் தனித்துச் சென்றார். படகின் பின்பகுதியில் தலையணை வைத்து உறங்கினார் என்றும் மாற்கு குறிப்பிடுகிறார்.

கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டின் தாயார் ஈவ்லின் பிராண்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கணவர் ஜெசி பிராண்ட் 1929இல் அம்மலையிலேயே காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் மீண்டும் பணிக்குத் திரும்பினார். ஓய்வு பெற வேண்டிய வயதிலும் மலைக்குச் சென்று மக்களிடையே தங்கினார். கீழே விழுந்து நடை தளர்ந்தபின் இரண்டு கோல்களை ஊன்றி நடந்தார். குதிரையில் ஏறிச் சிற்றூர்களுக்குச் சென்றார். 1974இல் தம் 95ஆம் வயதில் காலமானார். எனினும் இவரைப் போல் எல்லாரும் தளராது உழைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவரவர் உடலின் அளவை அறிவதும் கடமையே. வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவரைக் கட்டிலருகே அமர்த்திவிட்டு வீட்டுக்குச் சென்று உறங்குங்கள். உதவி கேட்கும் சபையாரிடம் "மன்றாடிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், "வியாழக்கிழமை இரவு ஒருவர் வந்து தங்க முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் யாராவது வருவார்கள்.

உள்நோயாளராக இருக்கும் எவரும், எச்சமயத்தவராயினும், மன ஆறுதலுக்காகப் பேச விரும்பினால் வார்டு செவிலியரிடம் தெரிவிக்கலாம். கிறிஸ்தவரல்லாதோர் தம் சமயப் பெரியவரை அழைத்து வரவும் செவிலியரிடம் சொல்லி நேரம் கேட்கலாம். பேசுபவர் வந்து அமர்ந்ததும் என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் கவலை வேண்டாம். சற்று நேரம் பேசாமலும் அமர்ந்திருக்கலாம்.